மூன்று நாடுகளும் அக்காவின் ஒரு வாக்கும்

1

எங்கள் ஊர் நீச்சல்குளத்தைத் திருத்துவதா, இழுத்து மூடுவதா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கனமான உறை, உள்ளே விளக்கப் புத்தகம், இரு தரப்பு நியாயங்கள், கையெழுத்து வைக்க ஓர் அட்டை. எனக்கு நீந்தத் தெரியாது. நாலு பக்கமும் கடல் உள்ள நயினாதீவில் பிறந்தவனுக்கு நீந்தத் தெரியாது என்றால் வேலைத்தளத்தில் வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எங்களுக்குக் கடல் குளிக்கிற இடமில்லை, கடக்கிற இடம் என்று விளங்கப்படுத்த என்னுடைய ஜெர்மன் போதாது. ஆனாலும் இந்தக் குளத்தின் தலையெழுத்து என் கையிலும் இருக்கிறது.

சுவிஸ் குடியுரிமைக்கு நேர்முகம் வைத்தபோது குப்பையை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டார்கள். பக்கத்து மலையின் பெயரைக் கேட்டார்கள். ஜனாதிபதி யார் என்று கேட்கவில்லை. இங்கே அந்தக் கதிரை வருடத்துக்கு ஒருவரிடம் போகும். என்னோடு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்கிற பாதிப்பேருக்கு இந்த வருடத்து ஆளின் பெயர் தெரியாது. தெரியாமலே நிம்மதியாக இருக்கிறார்கள். நான் மட்டும் மதியச் சாப்பாட்டு மேசையில் காதுக்குள் கம்பியைச் செருகிக்கொண்டு இலங்கை ஜனாதிபதித் தேர்தல் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தேர்தலில் எனக்கு வாக்கில்லை. இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே இருந்ததில்லை. ஊரில் தேர்தல் நடந்தபோது எனக்கு வயது வரவில்லை. வயது வந்தபோது தேர்தல் வரவில்லை. இரண்டும் வந்து சேர்ந்த நேரம் நான் இங்கே அகதி முகாமில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். பிறகு பாஸ்போர்ட் மாறிவிட்டது. நீச்சல்குளத்துக்கு வாக்குண்டு, நாட்டுக்கு இல்லை என்ற நிலைமையில் ஒரு மனுசன் என்ன செய்வான்? ஊரில் இருக்கிறவர்களின் வாக்கைப் பிடித்துக்கொள்வான். நான் பிடித்தது அக்காவின் வாக்கை.

2

அக்காவை ஊரில் மணியக்கா என்பார்கள். அத்தான் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறா. படகுத்துறையிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் அவவுக்கு ஒரு பெட்டிக்கடை. அருச்சனைத் தட்டு, கற்பூரம், சர்பத், பனம்பழத்துப் பினாட்டு. அம்மனிடம் வருகிற எங்கள் சனமும் புத்த விகாரைக்கு வருகிற தெற்குச் சிங்களச் சனமும் ஒரே படகில் வந்து இறங்கி, ஒரே வெயிலில் நடந்து, அக்காவின் கடையில்தான் தாகம் தீர்ப்பார்கள்.

தேர்தல் நெருங்க ஒரு யூடியூப்காரப் பொடியன் படகேறி வந்திருக்கிறான். தீவுச் சனத்தின் மனதை அறியப்போகிறானாம். அக்காவின் முகத்துக்கு முன்னால் ஒலிவாங்கியை நீட்டி, "அம்மா, இந்த முறை ஆரைக் கொண்டு வரப்போறியள்?" என்று கேட்டான். அக்கா சொன்னது இதுதான்: "ஆர் வந்தாலும் நான் சர்பத்துத்தான் கரைக்கவேணும். தம்பிக்குக் குளிராத் தரவோ, சும்மா தரவோ?"

அவன் குளிராக வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். இரண்டு நாளில் காணொளி வந்தது. தலைப்பு: ‘நயினாதீவுத் தாயின் அதிரடி முடிவு!’ அவன் ஒரு வேட்பாளரின் பெயரைச் சொல்கிறான். உடனே அக்கா தலையை ஆட்டிச் சிரிக்கிறா. அந்தச் சிரிப்பு சர்பத்துக்குச் சீனி காணுமோ என்று அவனைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு என்பது வெட்டுப்பட்டுப் போய்விட்டது. பின்னால் சோக இசை வேறு.

அரைமணி நேரத்துக்குள் கனடாவிலிருந்து நேசன் அண்ணை எடுத்தார். அவர் எங்கள் பெரியப்பாவின் மகன், ஊர் ஒன்றியத்தில் முக்கியப்பட்ட ஆள்.

"டேய், உன்ரை கொக்காவைப் பாத்தனியே? எங்கடை தமிழாள் ஒருத்தர் எலெக்சன் கேக்கேக்கை அவா என்னெண்டு மற்றப் பக்கம் போவா?"

"அண்ணை, அது வெட்டி ஒட்டின வீடியோ. உந்த ஊடகக்காரரை நம்புறியளே?"

"நான் ஒருத்தரையும் நம்புறேல்லை. ஆனா கண்ணாலை பாத்தனான்."

இதுதான் எங்கள் எல்லோருடைய நிலையும். அரசியல்வாதி பொய்யன், பத்திரிகைக்காரன் விலைபோனவன், யூடியூப்காரன் காசுக்குக் கத்துகிறவன் என்று தெளிவாகத் தெரியும். தெரிந்துகொண்டே விடிய எழும்பினால் முகம் கழுவ முதல் அவர்களைத்தான் பார்க்கிறோம்.

3

சின்ன வயதில் தேர்தல் எங்களுக்குக் காற்றில் வந்தது. வேட்பாளர்களின் ஆட்கள் இயந்திர வள்ளத்தில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தீவைச் சுற்றுவார்கள். சோளகக் காற்று அடிக்கிற காலமென்றால் பேச்சில் பாதி கடலோடு போய்விடும். "உங்கள் தீவுக்கு நாங்கள்..." என்பது கேட்கும், என்ன தருவார்கள் என்பது கேட்காது. நாங்கள் கரையோடு ஓடுவோம். அவர்கள் வீசுகிற துண்டுப் பிரசுரங்கள் தண்ணீரில் மிதந்து வரும். அவற்றைக் காயவைத்துப் பட்டம் ஒட்டுவோம். எந்தக் கட்சியின் தாள் நன்றாகப் பறக்கும் என்பதுதான் எங்கள் அரசியல். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் மூக்கில் ஈரத்தாளின் மணம் வருகிறது.

வாக்குப்போடுகிற நாளில் ஐயா வெள்ளை வேட்டியும் சால்வையுமாகப் புறப்படுவார், கோயில் கொடியேற்றத்துக்குப் போகிறமாதிரி. அம்மா கூறைச்சேலைக்கு அடுத்த நல்ல சேலையை உடுத்துவா. பள்ளிக்கூட வாசலில் வைத்து ஐயா அம்மாவுக்கு இன்னாருக்குப் போடும் என்று கடைசியாக ஒருமுறை சொல்லிக்கொடுப்பார். திரும்பி வருகிற வழியில், "சொன்னமாதிரிப் போட்டனீரோ?" என்று கேட்பார். அம்மா "ஓம்" என்பா.

ஐயா கடைசிவரை அந்த ஓமை நம்பினார். அவர் போனதற்குப் பிறகுதான் அம்மா அக்காவிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறா, ஒருநாளும் அவர் சொன்ன ஆளுக்குப் போட்டதில்லை என்று. எங்கள் வீட்டுப் பெண்களின் ஓம் சம்மதமல்ல. நீ சொன்னது என் காதில் விழுந்தது என்பதற்கான ரசீது. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தும் அக்காவின் ஓமை நான் அப்படியே நம்பினேன்.

பிறகு வந்த தேர்தல்களில் அக்காவுக்கு அந்தச் சிரிப்பும் இருக்கவில்லை. ஒருமுறை போகக்கூடாது என்றார்கள், போகவில்லை. ஒருமுறை போகத்தான் வேண்டும் என்று வாகனத்தில் ஏற்றினார்கள், போனா. இன்னொருமுறை போனபோது அவவின் வாக்கை ஏற்கெனவே ஆரோ போட்டுவிட்டார்கள். வெயிலில் நின்றதுதான் மிச்சம்.

4

காணொளி வந்த நாளிலிருந்து அக்காவின் தொலைபேசி ஓயவில்லை. நேசன் அண்ணை, நம்மில் ஒருவர் நிற்கும்போது பிறத்தியானுக்குப் போடுவது பாவம் என்றார். லண்டனிலிருந்து எங்கள் சின்னக்கா, கதிரையில் இருக்கிறவரே இருக்கட்டும், சாமான் விலை குறைந்திருக்கிறது, வாழ்கிற வீட்டைப் பிரித்து மேயக்கூடாது என்றா. நான் மாற்றம் வேண்டும் என்றேன். புது ஆள் வந்தால்தான் பழைய ஊத்தை போகும் என்று காணொளிகளில் கேட்டதை என் சொந்த ஞானம்போல் எடுத்துவிட்டேன். அதிகாரப் பகிர்வு, ஊழல் ஒழிப்பு, அரசியலமைப்பு என்று அரைமணி நேரம் பேசியிருப்பேன். அக்கா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தா.

"எல்லாம் சரி தம்பி. அதுக்குள்ளை எங்கடை படகும் வருமோ?"

"என்ன படகு?"

"காத்து அடிச்சாலும் ஓடக்கூடிய ஒண்டு. வருத்தக்காறரைக் கொண்டுபோக. கொத்தானைக் கொண்டுபோகேக்கை துறையிலை நிண்டு பாத்துக்கொண்டு இருந்தமல்லே."

அத்தானுக்கு நெஞ்சுவலி வந்த நாள் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அக்கரையிலுள்ள குறிகட்டுவானுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து வாகனம் உண்டு. இடையில் உள்ள அந்தக் கடல்தான் சிக்கல். வள்ளம் வெளிக்கிட முடியாமல் நேரம் போய், அவரும் போய்விட்டார். அக்கா அதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை. நானும் அன்றைக்கு, "மாற்றம் வந்தா எல்லாம் வரும் அக்கா" என்றேன். சொல்லும்போதே அது வள்ளத்து ஒலிபெருக்கியின் குரல்போலத்தான் எனக்கே கேட்டது.

"ஓம்" என்றா அக்கா.

நேசன் அண்ணைக்கும் ஓம் சொல்லியிருக்கிறா. சின்னக்காவுக்கும் ஓம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான், "அக்கா எங்கடை பக்கம்" என்று பெருமையாகப் போட, இல்லை எனக்குத்தான் சொன்னவா என்று மற்ற இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஒரு வாக்கு, மூன்று நாடு. குழுவில் அன்றைக்கு நடந்த சண்டையை எழுதினால் எங்கள் குடும்பத்துக்கு அழகில்லை. சின்னக்கா நேசன் அண்ணையோடு கதைக்காமல் விட்டா. நேசன் அண்ணை, அக்கா இதற்கு விளக்கம் சொல்லவேணும் என்று குரல் செய்தி அனுப்பினார், ஒன்றியக் கூட்டத்தில் பேசுகிறமாதிரி.

என் மகள் துளசி இதையெல்லாம் சோபாவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த நாட்டில் பிறந்தவள். இங்குள்ள தேர்தலில் ஆருக்குப் போடுவதென்று தெரியாவிட்டால் அவளுடைய தொலைபேசியில் ஒரு செயலி இருக்கிறது. கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு போனால், உனக்குப் பொருந்துகிற ஆள் இவர்தான் என்று அது ஒரு வட்டம் வரைந்து காட்டும். பொருத்தம் பார்த்துக் கலியாணம் செய்கிறதைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை, பொருத்தம் பார்த்து வாக்குப்போடுகிறது.

"அப்பா, மாமியின்ரை குரலை ஏன் நீங்கள் எல்லாரும் எடுக்கிறீங்கள்?" என்று கேட்டாள். இங்கத்தைய மொழியில் வாக்குக்கும் குரலுக்கும் ஒரே சொல். அவளுடைய தமிழ் எப்போதும் அந்த வழியால் சுற்றித்தான் வரும். வழக்கமாக நான் திருத்துவேன். அன்றைக்குத் திருத்த மனம் வரவில்லை.

"மாமிக்கு அரசியல் விளங்காது பிள்ளை" என்றேன்.

"உங்களுக்கு விளங்குமா? நீங்கள் போய் எத்தினை வருசம்?"

எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்தேன்.

5

தேர்தலுக்கு முந்தின கிழமை குழுவில் அக்காவின் குரல் வந்தது. பின்னால் கோழி கத்துகிறது.

"எல்லாரும் கேளுங்கோ. நான் மூண்டு பேருக்கும் ஓம் எண்டு சொன்னது பிழைதான். ஒருத்தரையும் நோகடிக்க ஏலாமல் சொன்னனான். இப்ப பிள்ளையாரட்டைப் பூக்கட்டிக் கேட்டிட்டன். வந்த பூவின்படிதான் செய்வன். ஆற்றை பூ எண்டு சொல்லமாட்டன். இனி ஒருத்தரும் இதைப்பற்றி எடுக்க வேண்டாம். சாப்பிட்டியளோ எண்டு கேக்கிறதெண்டால் எடுங்கோ."

பூக்கட்டிப் பார்ப்பது ஊரில் புதிதல்ல. இரண்டு சம்பந்தம் ஒரே நேரத்தில் வந்தால், கிணறு வெட்டுவது இந்தக் காணியிலா அந்தக் காணியிலா என்று சந்தேகம் வந்தால், வேறு வேறு நிறப் பூக்களைத் தனித்தனியே இலையில் பொதிந்து சுவாமிக்கு முன்னால் வைப்பார்கள். ஒரு சின்னப்பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பார்கள். எடுத்த பூ சொன்னது சொன்னதுதான். பிறகு மனம் மாறக்கூடாது. மாறினால் சுவாமியைப் பொய்யாக்கினதாகப் போய்விடும். ஆனால் ஜனாதிபதிக்குப் பூக்கட்டின கதையை நான் முன்பு கேள்விப்பட்டதில்லை.

என்ன நடந்ததென்று பிறகு அறிந்தேன். முதலில் அக்கா அம்மன் கோயில் ஐயரிடம்தான் போயிருக்கிறா. ஐயர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

"மணியக்கா, பெரிய கோயில். எல்லாக் கட்சிக்காறரும் வந்து காளாஞ்சி மரியாதை வாங்கிக்கொண்டு போற இடம். என்னை இதுக்குள்ளை மாட்டாதையுங்கோ. உங்கடை வீட்டடிப் பிள்ளையாரட்டைக் கேளுங்கோவன்."

அக்கா வீட்டடிப் பிள்ளையாரிடம் வந்தா. செவ்வரத்தை, நந்தியாவட்டை, மஞ்சள் அலரி. மூன்றையும் வாழையிலைத் துண்டில் பொதிந்து நாரால் கட்டினா. பக்கத்து வீட்டுச் சின்னவள் ஒன்றை எடுத்துக்கொடுத்தாள். அவ்வளவுதான்.

வெளிநாட்டில் நாங்கள் மூன்று பேரும் அடங்கிப்போனோம். பிள்ளையாரோடு ஆர் விவாதம் பண்ணுவது? நேசன் அண்ணை, இந்தக் காலத்திலும் மூடநம்பிக்கையா என்று பொரிந்தார். பொரிந்துவிட்டுத் தணிந்த குரலில், "எந்தப் பூ வந்திருக்குமெண்டு நினைக்கிறீர்?" என்று கேட்டார். ‘டேய்’ என்கிறவர் ‘நீர்’ என்றால் ஆளுக்கு மெய்யாகவே தெரியவேணும் என்று அர்த்தம்.

நானும் வேலையில் துணிகளை மடிக்கிறபோதெல்லாம் அதையே யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் பூவாக இருக்கவேணும் என்று நேர்த்தி வைக்காத குறை. வாக்கில்லாத மனுசனுக்கு ஒரு வாக்குக் கிடைக்கிற சந்தர்ப்பம் அது.

6

தேர்தல் நாள் சனிக்கிழமை. அக்கா விடியவே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்துவிட்டா. நான் மதியம் காணொளி அழைப்பில் எடுத்தபோது அங்கே பின்னேரமாகிக்கொண்டிருந்தது. முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தா. மை பூசின சின்னவிரலைத் தொலைபேசிக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினா.

"பாத்தியே? இந்த முறை ஒருத்தரும் எனக்கு முதல் போடேல்லை."

வாக்குச்சீட்டு ஒரு முழத்துக்கு மேல் இருந்ததாம், பாய்போல் விரித்துப் பார்க்கவேண்டியிருந்ததாம். பேர் தெரியாத ஆட்களெல்லாம் நின்றார்களாம். கொஞ்சநேரம் சிரித்தோம். சாப்பிட்டியளோ என்று முறைப்படி கேட்டேன். பிறகு பொறுக்கமுடியாமல், "ஆற்றை பூ அக்கா?" என்றேன்.

அக்கா வாசல் படலையடியை ஒருமுறை பார்த்தா, நேசன் அண்ணை கனடாவிலிருந்து வந்து அங்கே ஒளித்து நிற்கிறமாதிரி.

"மற்ற ரெண்டு பேருக்கும் சொல்லிப்போடாதை. மஞ்சள். அது உனக்கெண்டு வைச்சது."

எனக்கு நெஞ்சு குதித்தது. இத்தனை வயதில், ஒரு குழந்தை கண்ணை மூடிக்கொண்டு எடுத்த அலரிப் பூவுக்காக இப்படிச் சந்தோசப்படுவேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"அப்ப நான் சொன்ன ஆளுக்குத்தான் போட்டியள்?"

"இல்லை."

"ஏன் அக்கா? பூ வந்ததெண்டு சொன்னியள்?"

"பூவிலை நான் கட்சியைக் கேக்கேல்லை தம்பி. மூண்டு பேரிலை ஆற்றை சொல்லைக் கேக்கிறது எண்டுதான் கேட்டனான். உன்ரை சொல்லைக் கேள் எண்டு பிள்ளையார் சொல்லிப்போட்டார். சரியெண்டு போனன். அந்தச் சீட்டை விரிச்சுவைச்சுக்கொண்டு யோசிச்சன். நீ எனக்குச் சொன்னதெல்லாம் உந்த வீடியோக்காறர் சொல்லுறது. நீ அனுப்பினதெல்லாத்தையும் நான் பாத்தனான்தானே, ஒரு சொல்லுப் பிசகாமல் அதையே எனக்குச் சொன்னாய். அது உன்ரை சொல்லில்லை. பிள்ளையார் உன்ரை சொல்லையெல்லே கேக்கச் சொன்னவர்."

தொலைபேசியை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"பிறகு யோசிச்சன், தம்பி போகாமல் இஞ்சையே இருந்திருந்தால் ஆருக்குப் போட்டிருப்பான் எண்டு. துறையடியிலை நிண்டு, கொத்தானைத் தூக்கிக்கொண்டு ஓடி, எங்களோடை இந்த வெயில் மழையெல்லாம் கிடந்திருந்தால் ஆருக்குப் போட்டிருப்பான்? கன நேரம் யோசிக்கேல்லை. உடனை தெரிஞ்சுது. அவருக்குப் போட்டன். உன்ரை வாக்கு ஒண்டும் இஞ்சை விழேல்லை எண்டு ஒருக்கால் கவலைப்பட்டனியெல்லே. இப்ப ஒண்டு விழுந்திருக்கு."

கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளாமல் தொலைபேசியைக் கொஞ்சம் மேலே பிடித்தேன்.

"ஆருக்கு அக்கா?"

"உனக்குத் தெரியாதே?" அக்கா உண்மையாகவே ஆச்சரியப்பட்டா. அவ விளையாடுகிறா என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. என்னைப்பற்றி நானே அவவிடம் கேட்கிறேனே என்ற ஆச்சரியம் அது. அதற்குள் மாடு கத்தியது. தண்ணி காட்டவேணும், பிறகு கதைக்கிறன் என்று வைத்துவிட்டா.

சமையலறை மேசையில் நீச்சல்குளத்து உறை ஒட்டாமல் கிடந்தது. அதை ஒருபக்கம் தள்ளிவிட்டு அந்த ஆளை நினைத்துப் பார்த்தேன், நயினாதீவை விட்டுப் போகாத என்னை. என்ன வேலை செய்வான்? வள்ளம் வைத்திருப்பானா, அக்காவோடு கடையில் நிற்பானா? எதற்குக் கோபப்படுவான், எதற்குத் தலையாட்டுவான்? வேட்பாளர்களை ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவன் ஆரையும் பார்க்கவில்லை. துளசியின் செயலியிலும் இதற்கு வட்டம் கிடையாது.

அவனை எனக்குத் தெரியாது. இந்த உலகத்தில் அவனைத் தெரிந்தவ அக்கா ஒருத்திதான்.